6. வைக்கோலை நம்பி ஆடு வாங்கலாமா?

தை பிறந்ததும் ஊரிலிருந்து போன் வரும். "சம்பா அறுப்பு முடிஞ்சிருச்சு. வைக்கோல் மலிவா கெடைக்குது. இப்பவே ஒரு லோடு எறக்கிட்டா கோடைக்கு ஆட்டைப் பத்திக் கவலை இல்ல. பணம் அனுப்பு." ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடை வரிசையில் நிற்பவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானதுதான். சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருவாரூர் என்று எந்த மாவட்டத்துக்காரராக இருந்தாலும், சிங்கப்பூரில் சம்பாதித்ததில் ஒரு பங்கை ஊரில் செம்மறியில் போட்டிருப்பவர்கள் உண்டு. மேய்ப்பது அப்பாவோ, அண்ணனோ, மனைவியோ. செலவு உங்களுடையது. அந்தச் செலவில் கண்ணுக்குத் தெரியாமல் அதிகம் கரைவது தீவனத்தில்தான்.

இந்த அத்தியாயம் சொல்வது இதுதான்: வைக்கோல் வாங்குங்கள், ஆனால் வைக்கோலை மட்டும் வாங்காதீர்கள். வைக்கோலை மட்டும் தின்ற ஆடு கோடை முடியும்போது உயிரோடு இருந்தாலும் எடையோடு இருக்காது. ஒரு லோடுக்கு அனுப்பும் பணத்தை அரை லோடு வைக்கோலுக்கும், மீதியைக் கடலைக்கொடி, புண்ணாக்கு, வேலியோரத் தழைமரங்களுக்கும் பிரித்தால் அதே பணத்தில் ஆடு தேறும். ஏன் என்பதையும், எப்படி என்பதையும் இனிப் பார்க்கலாம்.

தீவனம் முதலில், கால்நடை பிறகு

நீங்கள் ஞாயிறுதோறும் நடக்கும் லிட்டில் இந்தியாவே மாட்டு வியாபாரத்தால் வளர்ந்த இடம். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, லெம்பு ரோடு என்ற பெயர்கள் அந்தக் காலத்து மிச்சம். பெலிலியோஸ் ரோடு, கல்கத்தாவிலிருந்து வந்து இங்கே மாட்டு வியாபாரம் செய்த ஐசக் ரஃபேல் பெலிலியோஸ் பெயரில் இருப்பது. 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வியாபாரிகள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் ரோச்சோர் ஆற்றை ஒட்டித் தண்ணீரும் புல்லும் தாராளமாக இருந்ததுதான். புல்லும் தண்ணீரும் இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைக் கட்டினார்கள். நகரம் பெருகி, புல்தரை போய், கொட்டகைகளுக்குக் கட்டுப்பாடு வந்ததும் தொழிலும் போய்விட்டது.

ஆடு வாங்கும் நம் ஆட்கள் பலர் இந்த வரிசையை மாற்றிப் போடுகிறார்கள். முதலில் 20 உருப்படி, பிறகு கொட்டகை, கடைசியில் "என்ன போடுவது" என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு அவசரத்தில் கிடைக்கும் விடைதான் வைக்கோல்.

வைக்கோலில் என்ன இருக்கிறது?

நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு. ஆட்டுக்குச் செரித்துப் பயன்படும் மொத்தச் சத்து நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு. பாஸ்பரஸ் மிகக் குறைவு. சுண்ணாம்புச் சத்து ஓரளவு இருந்தாலும், வைக்கோலில் உள்ள ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வைட்டமின் ஏ ஆக மாறவேண்டிய பச்சைச் சத்து, வைக்கோல் காய்ந்து மஞ்சளாகும்போதே போய்விடுகிறது. இத்தனைக்கும் மேல் நெல் வைக்கோலில் மணற்சத்தான சிலிக்கா அதிகம். வைக்கோலை உருவும்போது கையைக் கீறுகிறதே, அதற்கு அதுவே காரணம். நாரைச் சுற்றி அது படிந்திருப்பதால் வயிற்றுக்குள்ளும் நார் எளிதில் உடைவதில்லை.

உலர்ந்த தீவனம் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக்கூடாது. சிங்கப்பூரில் செல்லப்பிராணிக் கடைகளில் முயலுக்கென்று பையில் விற்கும் திமோத்தி உலர்புல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். பச்சை நிறம் மாறாமல் இலையோடு இருக்கும், புல் வாசனை வரும். பூக்கும் பருவத்தில், சத்து விதைக்குப் போவதற்கு முன்பே அறுத்துக் காயவைத்தது அது. புரதம் 7 முதல் 10 பங்குவரை இருக்கும். வெளிநாடுகளில் கறவை ஆட்டுக்குப் போடும் குதிரைமசால் உலர்புல்லில் 15 பங்குக்கு மேலேயே இருக்கும். வைக்கோல் அப்படியல்ல. பயிர் தன்னிடம் இருந்த சத்தையெல்லாம் நெல்மணிக்குக் கொடுத்து முடித்தபின் மிஞ்சும் தாள் அது. அரிசியை நாம் எடுத்துக்கொண்டு தாளை ஆட்டுக்குக் கொடுக்கிறோம். அதற்கேற்ற எதிர்பார்ப்புதான் வைக்க வேண்டும்.

ஆட்டின் வயிற்றுக்குள் நடப்பது

ஆடு வைக்கோலைத் தானாகச் செரிப்பதில்லை. அதன் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவைதான் நாரை உடைத்து ஆட்டுக்குத் தேவையான சக்தியாக மாற்றித் தருகின்றன. கடைசியில் அந்த நுண்ணுயிர்களே அடுத்த வயிற்றுக்குள் போய்ப் புரதமாகச் செரிமானமாகின்றன. ஆனால் அவை பெருக வேண்டுமானால் தழைச்சத்து வேண்டும். தின்னும் தீவனத்தில் மொத்தமாக 7 பங்காவது புரதம் இருந்தால்தான் அவை வேலை செய்யும். வைக்கோலில் இருப்பதோ 4 பங்கு. ஆளுக்குச் சோறு போடாமல் வேலை வாங்கப் பார்ப்பது போலத்தான் இது.

வேலை நடக்காவிட்டால் என்ன ஆகும்? வைக்கோல் செரியாமல் வயிற்றிலேயே நாள்கணக்கில் கிடக்கும். வயிறு காலியாகாததால் ஆடு மேற்கொண்டு தின்னாது. பார்க்கிறவருக்கு வயிறு புடைத்து, "ஆடு நல்லா இருக்கு" என்று தோன்றும். உண்மையில் அது பட்டினி. தொட்டியில் வைக்கோல் கிடக்க, வயிறும் நிரம்பியிருக்க, முதுகு மட்டும் மெலிந்துகொண்டே போகும்.

மாட்டோடு ஆட்டை ஒப்பிடுவதிலும் ஒரு தவறு நடக்கிறது. "மாடு வைக்கோல் தின்னுதானே பொழைக்குது" என்பார்கள். மாட்டின் வயிறு பெரிது. தீவனம் அதில் அதிக நேரம் தங்குவதால் முரட்டு நாரை அது ஆட்டைவிட நன்றாகச் செரிக்கும். செம்மறிக்கு வாய் சிறிது, வயிறும் சிறிது. பொறுக்கித் தின்பதுதான் அதன் இயல்பு. மாட்டுக்குச் சரிப்படும் தீவன முறையை அப்படியே செம்மறிக்குக் கொண்டுவர முடியாது.

"அறுத்த வயல்ல ஆடு கொழுக்குதே?"

நியாயமான கேள்வி. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் அறுவடைக் காலத்தில் மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சை டெல்டாவுக்குப் போய், வயல்களில் கிடை போட்டுத் தங்குவது இன்றும் உண்டு. ஆடும் தேறித்தான் திரும்பும். ஆனால் அங்கே அது தின்பது தாளை அல்ல. சிந்திய நெல், அடித்தூரில் வரும் பச்சைத் துளிர், வரப்புப் புல், உளுந்து பயறு எடுத்த இடத்தில் கிடக்கும் கொடி ஆகியவற்றைப் பொறுக்கித் தின்கிறது. இவை தீர்ந்ததும் கீதாரி மந்தையை அடுத்த வயலுக்கு நகர்த்திவிடுவார். தாள் அப்படியேதான் கிடக்கும்.

தேக்கா சந்தையில் நீங்கள் வாங்கும் ஆஸ்திரேலிய ஆட்டுக்கறிக்குப் பின்னாலும் இதே கதைதான். மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை, பார்லி அறுத்த நிலத்தில் கோடை முழுதும் செம்மறியை விடுகிறார்கள். சிந்திய தானியமும் பச்சைக் களையும் இருக்கும்வரை எடை கூடும், அவை தீர்ந்ததும் இறங்கும். இறங்கும் நேரம் பார்த்து அவர்கள் புரதம் மிகுந்த லூப்பின் பருப்பைத் தரையில் தூவிக் கொடுக்கிறார்கள். லூப்பின் இடத்தில் நமக்குக் கடலைப் புண்ணாக்கும் அகத்தியும் இருக்கின்றன.

எந்தத் தாளை வாங்குவது?

நெல் வைக்கோல்தான் எங்கும் கிடைக்கும். ஆனாலும் உங்கள் ஊரில் வேறு என்ன கிடைக்கிறது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

கேழ்வரகுத் தாள்: தானியத் தாள்களில் நல்லது. நெல் வைக்கோலைவிடச் செரிமானமும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதல். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிடைக்கும்.

சோளத்தட்டை, மக்காச்சோளத்தட்டை: இலை நன்று, தண்டு கடினம். நறுக்காமல் போட்டால் ஆடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப்போடும். காய்ந்த, முற்றிய தட்டையில் பயமில்லை. ஆனால் சோளம் அறுத்தபின் வரும் மறுதாம்பையும், தண்ணீர் இல்லாமல் வாடிய இளஞ்சோளத்தையும் ஆடு மேயவே கூடாது. அதில் உள்ள நஞ்சு சில நிமிடங்களில் ஆட்டைச் சாய்த்துவிடும்.

கடலைக்கொடி: இது தானியத் தாள் அல்ல, பயறு வகை. அதனால்தான் புரதம் 10 பங்குக்குக் குறையாமல் இருக்கும். எடைக்கு எடை விலை கூடுதலாகத் தெரிந்தாலும் சத்துக்குச் சத்து பார்த்தால் வைக்கோலைவிட மலிவாகவே முடியும். இலை உதிராமல், மண் இல்லாமல் இருப்பதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். உளுந்து, பயறு, துவரைப் பொட்டும் இந்த வகைதான்.

நெல் வைக்கோலுக்குள்ளும் தரம் உண்டு. கை அறுப்பு வைக்கோல் நீளமாக, சுத்தமாக இருக்கும். மிஷின் அறுத்ததில் தாள் நசுங்கி, மண்ணும் சண்டும் சேர்ந்திருக்கும். உருளையாகச் சுருட்டும்போது ஈரம் இருந்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். வாங்கும்முன் ஓர் உருளையைப் பிரித்து, நடுவில் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே சூடு இருந்தாலும், கருப்பு வெள்ளைப் பொடி பறந்தாலும், புளித்த வாடை வந்தாலும் அந்த லோடு வேண்டாம். பூஞ்சண வைக்கோல் சினை ஆட்டைக் கருச்சிதைவுவரை கொண்டுபோகும். அறுப்புக்குச் சற்றுமுன் மருந்தடித்த வயலா என்றும் கேட்க வேண்டும்.

இன்னொன்று: உருளைக்கணக்கில் விலை பேசாதீர்கள், எடைக்கணக்கில் பேசுங்கள். ஒரே அளவாகத் தெரியும் இரண்டு உருளைகளின் எடை வெகுவாக மாறும்.

ஓர் ஆட்டுக்கு என்ன கணக்கு?

30 கிலோ எடையுள்ள ஒரு பெட்டை ஆடு, சினையும் இல்லை, பால் கொடுக்கவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எடை குறையாமல் இருக்க மட்டும் அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 350 கிராம் செரிமானச் சத்தும், 55 முதல் 60 கிராம் புரதமும் வேண்டும்.

வைக்கோல் மட்டும் போட்டால் அது அரை கிலோவுக்கு மேல் தின்னாது. அதிலிருந்து கிடைப்பது 190 கிராம் அளவுக்குச் செரிமானச் சத்து, 18 கிராம் புரதம். சக்தியில் பாதி, புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு. மீதியை ஆடு தன் சதையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். நீங்கள் பணம் போட்டு ஏற்றிய எடைதான் அது.

அதே ஆட்டுக்கு இரண்டு வகையாகத் தீவனம் அமைக்கலாம்.

முதல் வகை, தழை கிடைக்கும் வீட்டுக்கு: வைக்கோல் 400 கிராம், பச்சைத் தழை 1 கிலோ, அடர்தீவனம் 100 கிராம். சக்தி 380 கிராமைத் தொடும், புரதம் 80 கிராமுக்கு மேல் போகும்.

இரண்டாம் வகை, தழை இல்லாத வீட்டுக்கு: வைக்கோல் 500 கிராம், கடலைக்கொடி 400 கிராம், அடர்தீவனம் 100 கிராம். சக்தி 430 கிராம் அளவில் நிற்கும், புரதம் 70 கிராம் வரும்.

இரண்டிலும் வைக்கோல் பாதிக்குப் பாதிதான். அதற்குமேல் போகக்கூடாது என்பதே விதி. பக்கத்தில் தழையோ கொடியோ இருக்கும்போது அந்த வைக்கோலும் நன்றாகச் செரிக்கும், ஆடும் விரும்பித் தின்னும்.

அடர்தீவனத்தைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. 100 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 40 கிலோ, கடலைப் புண்ணாக்கு 20 கிலோ, தவிடு 37 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, உப்பு 1 கிலோ. தாது உப்பை விட்டுவிடக்கூடாது. வைக்கோலில் இல்லாத பாஸ்பரஸ் அதிலிருந்துதான் வரவேண்டும். புதிதாகக் கொடுக்கும்போது 25 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் 100 கிராமுக்கு ஏற்றச் சொல்லுங்கள். திடீரென்று அள்ளிப்போட்டால் துள்ளுமாரி வந்து நல்ல ஆடாகப் பார்த்து இழக்க நேரும். தடுப்பூசியும் முன்பே போட்டிருக்க வேண்டும்.

தழைக்கு ஒருமுறை செலவழித்தால் போதும். சவுண்டல், அகத்தி, கிளைரிசிடியா, கல்யாண முருங்கை, வேலிமசால் எல்லாமே புரதம் நிறைந்தவை. சவுண்டல் மட்டும் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, அதில் உள்ள மிமோசின் முடியுதிர்வை உண்டாக்கும். அகத்தியோடு கலந்து போடுங்கள். கிளைரிசிடியாவை வாடைக்குப் பயந்து ஆடு முதலில் தொடாது. ஒரு நாள் வாடவிட்டுப் போட்டால் பழகிவிடும். மழைக்கு முன்னால் வேலியோரம் நட்டுவிட்டால் பிறகு வருடாவருடம் வெட்டிப் போடலாம்.

தண்ணீர்: காய்ந்த தீவனம் தின்னும் ஆட்டுக்குக் கோடையில் நாளொன்றுக்கு 3 முதல் 5 லிட்டர்வரை வேண்டும். தண்ணீர் குறைந்தால் வைக்கோல் தின்பதும் குறையும்.

யூரியா வைக்கோல் நமக்கு வேண்டுமா?

தாளைப் பதப்படுத்திச் சத்தேற்றும் யோசனை புதிதல்ல. முதல் உலகப் போர்க்காலத்துத் தீவனப் பஞ்சத்துக்குப் பிறகு, 1921இல் ஜெர்மனியில் பெக்மன் என்ற வேதியியலாளர் வைக்கோலைக் காரக் கரைசலில் ஊறவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அது செலவும் தண்ணீரும் பிடித்தது. நம் பக்கத்து நெல் நாடுகளுக்கு ஏற்றதாகப் பின்னாளில் வந்தது யூரியா முறை. 1980களில் இலங்கையிலும் வங்கதேசத்திலும் நெல் வைக்கோலை இப்படிப் பதப்படுத்திப் பார்த்தார்கள். முறையாகச் செய்தால் புரதம் 4 பங்கிலிருந்து 7, 8 பங்குக்கு ஏறும், செரிமானமும் கூடும், ஆடு தின்னும் அளவும் கூடும்.

செய்முறை: 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 60 லிட்டர் தண்ணீர். சிமெண்டுத் தரையிலோ தார்ப்பாய் மேலோ 20 கிலோ வைக்கோலைப் பரப்பி, 800 கிராம் யூரியா கரைத்த 12 லிட்டர் தண்ணீரைப் பூவாளியால் சீராகத் தெளித்து நன்றாக மிதிக்க வேண்டும். இப்படி ஐந்து அடுக்கு. பிறகு காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி, ஓரத்தில் மண் அணைத்து, 21 நாள் திறக்காமல் வைக்க வேண்டும். திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை வந்தால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்து, ஒரு மணி நேரமாவது காற்றாடப் பரப்பி, வாடை போனபின் போட வேண்டும். முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

ஆபத்தும் உண்டு. கரைத்த தண்ணீரை ஆடு குடித்துவிட்டாலோ, சரியாகக் கரையாத யூரியாவைத் தின்றுவிட்டாலோ வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, உடல் நடுங்கி விழும். உடனே ஒரு ஆட்டுக்கு அரை லிட்டர் வினிகரைக் குளிர்ந்த தண்ணீரோடு புரையேறாமல் மெல்லப் புகட்டி, 1962 எண்ணுக்குப் போன் செய்து கால்நடை ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு யூரியா வைக்கோலே கூடாது. பட்டினி கிடந்த ஆட்டுக்கும் கூடாது.

என் கருத்து: ஊரில் ஆட்டைப் பார்த்துக்கொள்வது வயதான அப்பா அம்மா என்றால் இந்த வேலையைப் போனில் சொல்லிச் செய்யவைக்காதீர்கள். அளவு தவறினால் தட்டிக்கேட்க நீங்கள் பக்கத்தில் இல்லை. 20 ஆட்டுக்குத் தழையும் கொடியும் போதும். நீங்களே லீவில் ஊருக்குப் போயிருக்கும்போது, ஒரு முறை கூட இருந்து செய்து காட்டிவிட்டு வந்தால், பிறகு தொடரலாம். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உழவர் பயிற்சி மையங்களில் இதை நேரிலேயே கற்றுத் தருகிறார்கள். லீவு நாளில் ஒரு நாளை அதற்கு ஒதுக்கலாம்.

யூரியா இல்லாமலே வைக்கோலைத் தேற்றுவதாகச் சொல்லப்படும் இரண்டு வழிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நறுக்கிப் போட்டால் வீணாவது குறையும், சத்து ஏறாது. உப்புத் தண்ணீரோ வெல்லத் தண்ணீரோ தெளித்தால் ருசி கூடும், கொஞ்சம் அதிகம் தின்னும். புரதக் குறை அப்படியே இருக்கும்.

யாருக்கு வைக்கோலைக் குறைக்க வேண்டும்?

சினை ஆட்டுக்குக் கடைசி ஆறு வாரம்: செம்மறியின் சினைக்காலம் ஐந்து மாதம். குட்டி வயிற்றுக்குள் வேகமாக வளர்வது இந்தக் கடைசி வாரங்களில்தான். குட்டி இடத்தை அடைத்துக்கொள்வதால் வயிற்றில் தீவனத்துக்கு இடம் குறையும். குறைந்த இடத்தை வைக்கோலால் நிரப்பினால் குட்டி சவலையாகப் பிறக்கும், தாய்க்குப் பால் இருக்காது. இந்த ஆடுகளுக்கு வைக்கோலைக் கால் பங்காக்கி, அடர்தீவனத்தை 200 கிராமாக ஏற்றுங்கள்.

பால் கொடுக்கும் தாய்க்கும் இதே அளவு.

பால்குடி மறந்த குட்டிகளுக்கு: விற்று லாபம் பார்க்கப்போவது இவற்றைத்தான். வளரும் வயதில் வைக்கோலைப் போட்டு வயிறு நிரப்பினால் வளர்ச்சி நின்றுவிடும். தழை, கொடி, அடர்தீவனம் இவற்றுக்கு முதல் உரிமை குட்டிகளுக்கே.

வைக்கோலைப் பாதிவரை போடக்கூடியது சினை பிடிக்காத, வற்றிய பெட்டைகளுக்கும், இனப்பெருக்கக் காலம் இல்லாதபோது கிடாவுக்கும்தான். அதனால் பட்டியை மூன்றாகப் பிரித்துத் தீவனம் போடுவது அவசியம். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விட்டால் கிடா தின்றுவிட்டுப் போனதுதான் குட்டிக்குக் கிடைக்கும்.

எவ்வளவு வாங்க அனுப்புவது?

தெற்கு மாவட்டங்களில் வைக்கோல் தேவைப்படும் காலம் இரண்டு. பங்குனி தொடங்கி மேய்ச்சல் காயும் மூன்று மாதம், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வெளியே விடமுடியாத நாட்கள் ஒரு 45. 20 ஆட்டுக்கு நாளொன்றுக்கு 8 கிலோ வீதம் கோடைக்கு 720 கிலோ, மழைக்கு 360 கிலோ. ஆக 1,080. மிதிபடுவது, கெடுவது சேர்த்து 1,300 கிலோ போதும். நன்றாக விளைந்த ஒரு ஏக்கர் நெல்லின் வைக்கோல் இதற்கு மேலேயே வரும். சொந்த நிலம் இருந்தால் வெளியில் வாங்கவே வேண்டியதில்லை. மூன்று டன் லோடு ஒன்றை இறக்கினால் அடுத்த வருடம்வரை கிடந்து மக்கும்.

இறக்கிய வைக்கோலைத் தரையில் போடாமல் கல்லோ பனைமட்டையோ அடுக்கி அதன்மேல் போர் போடச் சொல்லுங்கள். உச்சி கூம்பலாக இருக்க வேண்டும். மழைக்காலப் பங்கு மட்டும் கூரைக்குள் இருப்பது நல்லது.

இங்கிருந்தே கண்காணிப்பது எப்படி?

வீடியோ காலில் ஆட்டைக் காட்டினால் வயிறுதான் தெரியும். வயிறு பொய் சொல்லும் என்பதை மேலே பார்த்தோம். கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும்.

"அப்பா, இன்னைக்கு வைக்கோல் எவ்வளவு போட்டீங்க?"

"ரெண்டு கட்டு போட்டேன்பா."

"மிஞ்சுனது எவ்வளவு?"

"கீழ கெடக்கு. அதை யாரு பாக்குறா?"

பார்க்க வேண்டியது அந்த மிச்சத்தைத்தான். போட்டதில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினால் சரி, ஆடு பொறுக்கித் தின்றிருக்கிறது. ஒன்றுமே மிஞ்சாவிட்டால் போதவில்லை. பாதி மிஞ்சினால் வைக்கோலில் ஏதோ குறை, அல்லது புரதம் போதாமல் வயிறு அடைத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்து முதுகு. கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்புக்கு முன்னால், முதுகுத்தண்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு முனை முனையாகக் கையில் குத்தினால் ஆடு மெலிந்துவிட்டது. அழுத்தினால் மட்டும் எலும்பு தெரிந்தால் நல்ல நிலை. அழுத்தியும் தெரியாவிட்டால் கொழுப்பு அதிகம், அடர்தீவனத்தைக் குறைக்கலாம். மாதம் ஒருமுறை ஐந்தாறு ஆட்டைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

எடை: ஊருக்குப் போகும்போது பெட்டியை எடைபோட வாங்குகிறீர்களே, கொக்கி வைத்த அந்தச் சிறிய கைத்தராசு, அதை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஒரு சாக்கின் இரு முனையையும் சேர்த்துக் கட்டி, குட்டியின் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கினால் எடை தெரிந்துவிடும். அதே தராசில் வைக்கோல் கட்டையும் தூக்கிப் பார்க்கலாம். 15 நாளுக்கு ஒருமுறை குட்டிகளின் எடையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இரண்டு முறை தொடர்ந்து ஏறாமல் நின்றால் தீவனத்தில் புரதம் குறைகிறதா என்று முதலில் பாருங்கள். குறை இல்லையென்றால் குடற்புழு மருந்து எப்போது கொடுத்தது என்று கேளுங்கள்.

பணம் அனுப்பும் முன்

மாசி மாதத்துக்குள் மூன்று கேள்விகளுக்கு விடை வாங்கிவிடுங்கள். கொட்டகையில் எத்தனை உருப்படி? கடலைக்கொடியும் தழையும் எத்தனை நாளைக்கு வரும்? வைக்கோல் எத்தனை கிலோ கையில் இருக்கிறது? கொடியும் தழையும் கோடை முழுதும் வராது என்று தெரிந்தால், கூடுதல் வைக்கோலுக்குப் பணம் அனுப்பாதீர்கள். கழிக்க வேண்டிய கிழட்டுப் பெட்டைகளையும் உபரிக் கிடாக்குட்டிகளையும் பங்குனிக்கு முன்பே, எடை இருக்கும்போதே சந்தைக்கு அனுப்பிவிடுங்கள். அந்தப் பணத்தில் மீதி ஆடுகளுக்குப் புண்ணாக்கு வாங்கலாம். நல்ல தீனியோடு இருக்கும் 12 ஆடு, வைக்கோலைத் தின்று நிற்கும் 20 ஆட்டைவிட அதிகம் சம்பாதித்துத் தரும்.